பழங்காசு: மெய்யும் பொய்யும்



'இந்த மீன் எத்தனை வெள்ளி?' என்று நம் பெண்மணிகள் சந்தையில் கேட்பதை இன்றைக்கும் மலாக்கா மாநிலம் எங்கும் கேட்கலாம். 'வெள்ளி' என்று நாம் சொல்லும் ரிங்கிட்டில் இன்று குன்றிமணி அளவு வெள்ளியும் கிடையாது. அது வெறும் தாள். ஆனால் நம் பாட்டன்மார் கைநீட்டி வாங்கிய சம்பளம் மெய்யாகவே வெள்ளியாக இருந்த காலம் ஒன்று உண்டு. காசு போய்விட்டது, பெயர் மட்டும் நாவில் தங்கிவிட்டது.

'துட்டு' என்கிறோமே, அதுவும் அப்படித்தான். டச்சுக்காரர்களின் 'டாயிட்' என்ற செப்புக் காசின் பெயர் தமிழில் துட்டு ஆயிற்று. மலாயில் 'டூயிட்' ஆயிற்று. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள். நாம் மட்டும் கடன் வாங்கினோம் என்று எண்ண வேண்டாம். நம்முடைய 'காசு' என்ற சொல் போர்த்துக்கீசியர் வாய்வழிப் போய் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனதென்று சொல்லாராய்ச்சியாளர் கூறுகிறார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட செப்பு நாணயத்திலேயே '20 கேஷ்' என்று பொறித்திருக்கும்.

காசைப் பற்றி இன்று பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில காலத்துக்கு முன், ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வீட்டில், எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், பழைய மைலோ டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, நீங்க பழைய காசு பார்ப்பீங்களாமே. இதுல எது நல்ல வெள்ளி, எது கள்ள வெள்ளின்னு சொல்லிட்டுப் போங்க. பேரன் என்னமோ பத்தாயிரம், இருபதாயிரம்னு பேசுறான். எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

டப்பாவைக் கவிழ்த்தார். பெரிய வெள்ளி நாணயங்கள் இரண்டு, சதுரக் காசுகள் ஒரு கைப்பிடி, பச்சை படிந்த சிறிய செப்புக் காசு ஒன்று, அனுமார் படம் போட்ட காசு ஒன்று. இந்த நான்கு வகையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஆனால் அந்த டப்பாவுக்குள் போகுமுன் மலாக்காவின் காசு வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காசு எங்கே, எப்போது, யாரால் அடிக்கப்பட்டது என்று தெரியாதவரால் அது மெய்யா பொய்யா என்று சொல்ல முடியாது.

1511ஆம் ஆண்டு அல்புகர்க் என்ற போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைப் பிடித்தார். பிடித்த கையோடு செய்த காரியங்களில் ஒன்று, புதிய நாணயம் அடித்தது. சுல்தான்கள் காலத்திலேயே இங்கே வெள்ளீயக் காசுகள் வழங்கிவந்தன. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தம் அரசர் மனுவேலின் சின்னமான வானக்கோளமும் சிலுவையும் பொறித்த வெள்ளீயக் காசுகளை அவர் வெளியிட்டார். பத்து 'தினேரோ' ஒரு 'சோல்டோ'. பத்து சோல்டோ ஒரு 'பஸ்தார்டோ'. இப்போது நாம் பத்துப் பத்தாக எண்ணும் முறை அன்றைக்கே இந்த ஊரில் இருந்திருக்கிறது. புதிய காசை ஊருக்கு அறிவித்த விதம் இன்னும் வேடிக்கையானது. யானைகளை அலங்கரித்து ஊர்வலம் விட்டு, தெருவில் நின்ற மக்களுக்குக் காசை வாரி இறைத்தார்கள் என்று, அல்புகர்க்கின் மகன் தொகுத்து 1557இல் வெளியான நூல் சொல்கிறது. அந்நாளில் மலாக்காவில் இருந்த இந்து வணிகர்களின் தலைவராக அல்புகர்க் ஏற்றுக்கொண்டவர் நைனா செட்டி என்பவர். போர்த்துக்கீசிய ஏடுகள் அவரை 'நினாச்சத்து' என்று எழுதுகின்றன. ஊரில் வாணிகம் படுத்துவிடாமல் இருக்க அவர் தயவு வேண்டியிருந்தது.

அந்த வெள்ளீயக் காசுகள் கடலோரச் சேற்றில் மறைந்து கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் தோண்டியபோது சில வெளிப்பட்டன. சிங்கப்பூர் ராபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஹானிட்ச் என்ற அறிஞர் 1903இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு அவற்றுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்தால் போலியும் வருமல்லவா? வெள்ளீயம் எளிதில் உருகும். அடுப்பங்கரையிலேயே உருக்கி அச்சில் ஊற்றிவிடலாம். ஆகவே, 'ஆற்றிலே கிடைத்தது' என்று யாராவது ஒரு பிடி போர்த்துக்கீசியக் காசை நீட்டினால், நாம் முதலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்க்கிறோம். ஒரே இடத்தில் ஒரே பள்ளம், ஒரே மூலையில் ஒரே உடைவு, இரண்டு மூன்று காசுகளில் திரும்பத் திரும்ப வருகிறதா? வந்தால் எல்லாம் ஒரே காசிலிருந்து எடுத்த அச்சின் பிள்ளைகள். நானூறு ஆண்டு சேற்றில் கிடந்த இரண்டு காசுகள் ஒரே மாதிரி தேய்வதில்லை. இன்னொன்றும் உண்டு. போலி செய்பவர் பல சமயம் வெள்ளீயத்தோடு காரீயம் கலப்பார். வெள்ளீயம் தண்ணீரைப்போல் ஏழேகால் மடங்குக்குச் சற்று அதிகம் எடையுள்ளது. காரீயம் பதினோரு மடங்குக்கும் மேல். இந்த வேற்றுமையை எப்படி வீட்டிலேயே அளப்பது என்று பிறகு சொல்கிறோம்.

1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய கம்பெனியின் முத்திரை மூன்று எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னியது: வி, ஓ, சி. பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் காட்டியபோது ஒரு சிறுவன், "ஐயா, வ.உ.சி. காசா அடிச்சாரு? கப்பல்தானே ஓட்டினாரு?" என்று கேட்டான். நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இது 'ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி' என்பதன் டச்சு முதலெழுத்துகள். 1726 முதல் இந்த முத்திரையுள்ள செப்புத் துட்டுகள் ஹாலந்து, சீலாந்து, உட்ரெக்ட் முதலிய மாகாணங்களின் அக்கசாலைகளில் அடிக்கப்பட்டுக் கப்பல் கப்பலாக வந்தன. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் சாலை. ஒரு பக்கம் முத்திரை, ஆண்டு. மறுபக்கம் அந்த மாகாணத்தின் கேடயம். கையிலே ஒரு துட்டு கிடைத்தால் கேடயத்தைப் பாருங்கள். எந்த மாகாணம் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் கம்பெனி 1799 முடிவோடு கலைக்கப்பட்டது. ஆனால் '1790' என்ற ஆண்டும் ஒரு நட்சத்திரமும் உள்ள துட்டுகள், 1840களில் உட்ரெக்டில் மறுபடியும் அடிக்கப்பட்டன. கிழக்கிந்தியத் தீவுகளின் மக்கள் பழகிய காசையே விரும்பியதால், செத்துப்போன கம்பெனியின் பெயரில் அரசாங்கமே காசு அடித்தது. அதைப் பொய் என்பதா, மெய் என்பதா? காசு மெய், அதில் உள்ள ஆண்டு பொய். பழங்காசு பார்ப்பவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும்.

இதற்குத் தம்பி ஒருவன் உண்டு: சேவல் காசு. ஒரு பக்கம் சேவல் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஜாவி எழுத்தில் 'தானா மெலாயு', அதாவது மலாய் நாடு என்று இருக்கும். மறுபக்கம் பல காசுகளில் 1247 என்ற ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். அது 1831 ஆகும். இதை எந்த அரசும் அடிக்கவில்லை. சிங்கப்பூர் வணிகர்கள் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக இங்கிலாந்தில் சொல்லி அடித்துக் கொண்டுவந்தார்கள். சட்டப்படி அது காசே அல்ல. ஆனாலும் மலாய்த் தீபகற்பத்தின் சந்தைகளில் மீனும் வெற்றிலையும் வாங்கிய உண்மையான காசு அதுதான். பாட்டியின் டப்பாவில் இருந்த பச்சைக் காசும் இந்தச் சேவல்தான். அவருடைய கணவர் மரவள்ளிக்கு மண் கொத்தியபோது கிடைத்ததாம். "கோழிக் காசு" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், நல்ல பெயர்.

மண்ணில் கிடைத்தது என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தனிக் காசு ஒன்று கிடைப்பது வேறு. பானையில் புதையலாகக் கிடைப்பது வேறு. தொன்மையான பொருள் என்று கருதத்தக்க எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. இரவோடு இரவாக விற்றுவிட்டால், காசோடு அது கிடந்த இடத்தின் கதையும் போய்விடும்.

இனி அந்தப் பெரிய வெள்ளிகளுக்கு வருவோம். 1826இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒன்று சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. ஆனால் அவற்றுக்கென்று சொந்தமாக ஒரு வெள்ளி நாணயம் வர எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஸ்பெயின் டாலர், மெக்சிகோ டாலர், பிறகு திரிசூலம் ஏந்திய பெண் நிற்கும் பிரிட்டிஷ் வாணிக டாலர் என்று ஊரான் வீட்டுக் காசே ஓடியது. 1903இல்தான் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த நீரிணை டாலர் வந்தது. அதை அடித்தது பம்பாய் அக்கசாலை. அதன் எடை 26.95 கிராம், ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி.

1906இல் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பை நிலைப்படுத்தினார்கள். அந்தச் சமயம் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. காசில் உள்ள வெள்ளி, காசின் மதிப்பைவிட உயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஜனங்கள் காசை உருக்கி விற்றுவிடுவார்கள். எனவே 1907இல் டாலரை 20.21 கிராமாகச் சிறுக்க வைத்தார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் வெள்ளி மறுபடி ஏறியது. 1919இல் எடை 16.85 கிராம் ஆயிற்று, வெள்ளியும் பாதிக்குப் பாதி ஆயிற்று. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 26.95, 20.21, 16.85. நீரிணை டாலர் என்று ஒன்றை யார் நீட்டினாலும், அதில் உள்ள ஆண்டுக்கு உரிய எடை இருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானத்தால் சிறிது குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் ஐயப்பட வேண்டும். கூடினால் இன்னும் அதிகமாக ஐயப்பட வேண்டும். காசு தேயுமே தவிர வளராது.

இந்த டாலர் நம் மக்களுக்கு என்னவாக இருந்தது? 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. ஒரு வெள்ளி என்றால் ஓர் ஆண்மகன் இரண்டு நாள் விடிய எழுந்து, பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, சுமந்து கொட்டிய உழைப்பு. பெண்ணுக்கு இரண்டரை நாள்.

பாட்டியின் இரண்டு வெள்ளிகளில் ஒன்று 1904, மற்றொன்று 1908. இரண்டிலும் எட்வர்ட் மன்னரின் தலை. இரண்டும் மாமனார் வழி வந்தவை என்றார். நாம் எப்போதும் பையில் எடுத்துச் செல்லும் நகைக்கடைத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தோம். இப்போது மின்கலத்தில் ஓடும் சின்னத் தராசுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும். 1904 காசு 26.71 கிராம் காட்டியது. சரி. 1908 காசு 17.6 கிராம்தான் காட்டியது. இருக்க வேண்டியது 20.21. பேரன் முகம் சுருங்கியது. "தேஞ்சிருக்கும் சார்" என்றான். மன்னரின் தாடி மயிர் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கபடி இருக்கும்போது, எடை மட்டும் எப்படித் தேயும்?

இப்போது தண்ணீர்ச் சோதனை. இதை நேயர்கள் வீட்டிலேயே செய்யலாம். தராசின்மேல் பாதித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து, எண்ணைச் சுழியாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குவளையின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை அசைத்துப் போக்கிவிடுங்கள். அப்போது தராசு ஓர் எண்ணைக் காட்டும். காசு விலக்கிய தண்ணீரின் எடை அது. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், தண்ணீரைப்போல் அது எத்தனை மடங்கு கனமான பொருள் என்று தெரிந்துவிடும். ஆர்க்கிமிடிஸ் குளியல் தொட்டியில் கண்டது இதைத்தான்.

ஆயிரத்தில் தொள்ளாயிரம் வெள்ளியுள்ள காசுக்கு விடை 10.3 வர வேண்டும். பித்தளைக்கு ஏறக்குறைய எட்டரை. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. இரும்புக்கு ஏழே முக்கால். பாட்டியின் 1904 வெள்ளி 2.60 கிராம் தண்ணீரை விலக்கியது. வகுத்தால் 10.27. மெய்யான வெள்ளி. 1908 காசோ 2.1 கிராமை விலக்கியது, வகுத்தால் 8.4. உள்ளே பித்தளை, மேலே வெள்ளி முலாம்.

தட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அந்நாளில் செட்டியார்களின் கிட்டங்கிகளிலும் சீனர் கடைகளிலும் ஒவ்வொரு டாலரையும் சுண்டிக் காதால் கேட்டுத்தான் பெட்டியில் போடுவார்கள். வெள்ளி கணீரென்று நீள ஒலிக்கும். ஈயம் கலந்தது 'டொக்' என்று அடங்கும். இன்று நாம் அதைச் செய்வதில்லை. பழங்காசைக் கல்லில் சுண்டினால் விளிம்பு அடிபடும். பித்தளையும் நன்றாகவே ஒலிக்கும் என்பதால் காதை மட்டும் நம்ப முடியாது. பத்தர்களின் உரைகல்லும் வேண்டாம். நகைக்கு அது சரி, காசுக்கு அது காயம். காந்தம் வைத்துப் பார்க்கலாம். வெள்ளியும் செம்பும் ஒட்டா. ஒட்டினால் போலி. ஆனால் ஒட்டாததெல்லாம் மெய் என்று அர்த்தம் இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டிய இடங்களில் முதன்மையானது விளிம்பு. எல்லாரும் தலையைப் பார்க்கிறார்கள். கள்ளக் காசு செய்பவரும் தலையில்தான் தம் திறமையைக் காட்டுகிறார். விளிம்பின் வரிகள் சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவா? நடுவே மெல்லிய கோடு ஒன்று சுற்றி வருகிறதா? வந்தால் இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்த காசு அது. அடித்த காசின் எழுத்துகள் நிலத்திலிருந்து செங்குத்தாக எழும். வார்த்த காசின் எழுத்துகள் வெல்லக்கட்டி கரைந்ததுபோல் ஓரம் மழுங்கியிருக்கும், நிலத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். ஆண்டின் கடைசி எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் தனியே பாருங்கள். 1925ஆம் ஆண்டு நீரிணை டாலர் மிக அரிது. 1920ஆம் ஆண்டுக் காசு அவ்வளவு அரிதல்ல. ஓர் எண்ணைச் செதுக்கி மாற்றினால் விலை பல மடங்கு. ஆகவே செதுக்குகிறார்கள். அப்படிப்பட்ட காசு எடையிலும் தண்ணீரிலும் தேறிவிடும். அந்த ஒரு எண்ணில்தான் தோற்கும்.

வாணிக டாலர்களிலும் மெக்சிகோ டாலர்களிலும் சின்னச் சின்னச் சீன எழுத்துகள் குத்தியிருப்பதைக் கண்டு சிலர் பழுதென்று ஒதுக்குகிறார்கள். அவை நாணயம் மாற்றும் சீனக் கடைக்காரர்கள், 'நாம் பார்த்தோம், நல்ல வெள்ளி' என்று இட்ட சாட்சிக் கையெழுத்து. பார்க்கப்போனால், அந்தக் கள்ளத்தனம் மிகுந்த காலத்தில் நம்மைப்போல் காசைச் சோதித்தவர்களின் கைத்தடம் அது.

இப்போது அனுமார் காசு. இதைப் பற்றித்தான் பேரன் பத்தாயிரம், இருபதாயிரம் என்று பேசியிருக்கிறான். செம்பு நிறத்தில் கனமான காசு. ஒரு பக்கம் அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஒரு அணா'. ஒருவர் இதை 2,000 வெள்ளிக்கு அவனுக்குக் கொடுத்திருக்கிறார். இது அரிசியை இழுக்கும், இதில் தெய்வசக்தி இருக்கிறது, வெளிநாட்டில் கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது, 'பரிசோதனைச் செலவு'க்கு மட்டும் இன்னும் 10,000 கட்டினால் போதும் என்பது கதை. அந்தப் பத்தாயிரத்துக்காகப் பாட்டியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போக இருந்தது.

நேயர்களே, இந்தக் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிக்கவே இல்லை. சீதாராமர், அனுமார், தாமரை என்று பல உருவங்களில், 1616, 1717, 1818 என்று பல ஆண்டுகளில் இவை உலவுகின்றன. கம்பெனி தெய்வ உருவமே போட்டதில்லை என்று சிலர் வாதிடுவார்கள், அது தவறு. சென்னையில் கம்பெனி வெளியிட்ட தங்கப் பகோடாக்களில் தெய்வ உருவம் உண்டு. 'மூன்று சுவாமி பகோடா' என்றே ஒரு வகைக்குப் பெயர். 1807, 1808 ஆண்டுகளில் கோபுரமும் விஷ்ணுவும் உள்ள வெள்ளிக் காசுகளும் வந்தன. ஆனால் 1818இல் சென்னையில் மக்கள் எண்ணியது காசு, பணம், பகோடா என்ற கணக்கில். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் அன்று வழங்கிய கம்பெனிச் செப்புக் காசு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, அந்த '20 கேஷ்' காசைப் பார்க்கலாம்: ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும், மறுபக்கம் பாரசீக எழுத்து. அனுமாரும் அணாவும் 1818ம் ஒன்றாக நிற்கும் செப்புக் காசு பின்னாளில் எவரோ பட்டறையில் செய்த கற்பனை. சிலர் அதைப் பூசைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் பக்தி, அதில் நமக்குப் பேச்சில்லை. விலைக்கு விற்பதுதான் மோசடி.

அரிசி இழுக்கிறதே என்பீர்கள். அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, காசுக்கு அடியில் காந்தத்தை மறைத்தால் எதுவும் இழுக்கும். தமிழ்நாட்டில் இந்த 'ரைஸ் புல்லிங்' ஏமாற்றில் காவல்துறை பலரைக் கைது செய்திருக்கிறது. பேரனிடம், "அந்த ஆள் கொண்டுவந்த அரிசி வேண்டாம், உன் வீட்டுச் சட்டியிலிருந்து ஒரு பிடி எடு" என்றோம். எடுத்து வந்தான். அனுமார் காசை அதன்மேல் பிடித்தான். ஒரு மணியும் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

பழையது எல்லாம் விலை உயர்ந்தது என்ற நினைப்புத்தான் இவர்களுக்கு மூலதனம். மேலே சொன்ன 1808ஆம் ஆண்டு 20 கேஷ் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இந்தக் காசுகளை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் முழுகியது. 1980களில் முத்துக்குளிப்பதுபோல் இறங்கி ஏராளமாக எடுத்துவிட்டார்கள். இருநூறு ஆண்டு கடந்த, சிறிதும் ஐயமற்ற மெய்க்காசு. ஆனால் எளிய விலைக்குக் கிடைக்கிறது. காசின் விலை அதன் வயதில் இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எவ்வளவு தேயாமல் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பாட்டியின் சதுரக் காசுகளும் அப்படியே. 1919இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு காசு நாணயம் சதுரமாயிற்று, பின் மலாயா காசும், 1961 வரை மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ காசும் சதுரமாகவே வந்தன, 1962இல் வட்டமாயிற்று. கோடிக் கணக்கில் அடித்தவை. விற்றால் சொற்பம்தான் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சேகரிக்கத் தொடங்க இதைவிட நல்ல காசு இல்லை.

சேகரிக்க விரும்புவோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காசைத் துலக்காதீர்கள். தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் நம் வீடுகளில் காசையும் புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளாகக் காசின்மேல் படிந்த கருநிறமும் செம்பின் பழுப்பும் அழுக்கல்ல, காசின் தோல். அதைத் தேய்த்து எடுத்தால் பளபளக்கும், ஆனால் விலை பாதிக்கும் கீழே போகும். அதோடு அது மெய்யென்று காட்டும் சாட்சியும் போய்விடும். பாட்டியின் 1904 வெள்ளியும் ஆண்டுதோறும் சாம்பல் குளித்ததுதான். மேல் விளிம்பில் பதக்கமாகக் கோத்த வளையத்தை அறுத்த வடுவும் இருந்தது. ஆகவே, மெய்யான வெள்ளியானாலும், சேகரிப்போர் அதற்குப் பெரிய விலை தர மாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னோம். மற்றபடி, காசை விளிம்பில் பிடியுங்கள். மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் அவை பச்சைப் பிசின் கசியும். கெட்டித் தாள் உறையே போதும். ஒவ்வோர் உறைமேலும் யார் தந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதிவையுங்கள். வாங்குவதாக இருந்தால், ஜோங்கர் தெருவின் பழம்பொருள் கடையாக இருந்தாலும் சரி, வீடு தேடி வருபவராக இருந்தாலும் சரி, எடை போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். விற்பதாக இருந்தால் ஒரே ஆளிடம் கேட்டு விற்காதீர்கள். பிரிட்மோர் 1955இல் எழுதிய நீரிணை நாணய நூலும், சரண்சிங் 1986இல் வெளியிட்ட மலேசிய நாணயக் களஞ்சியமும் நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பேரன் சங்கிலியை அடகு வைக்கவில்லை. 2,000 வெள்ளி போனது போனதுதான். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொன்னோம், கொடுத்தான். பாட்டிக்கு அனுமார் காசைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. பித்தளை 1908 வெள்ளியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கள்ள வெள்ளின்னு மாமனாருக்குத் தெரியும் தம்பி" என்றார். "ஒரு கடையில மிச்சக் காசா குடுத்தானாம். அடுத்த கடையில அரிசி வாங்கப் போனா, தட்டிப் பார்த்துட்டுத் தூக்கி எறிஞ்சிட்டானாம். ரெண்டு நாள் சம்பளம். அன்னிக்கு ராத்திரி மரவள்ளிக் கிழங்குதான் அவிச்சோம்னு மாமியா சொல்லும். எறியச் சொன்னா, எறிய மாட்டாராம். வெச்சிருந்தார்."

விலைக்கு அது ஒன்றுக்கும் ஆகாது என்று மறுபடியும் சொன்னோம். பாட்டி தலையசைத்தார். மற்றக் காசுகளை டப்பாவில் போட்டுப் பேரன் கையில் கொடுத்தார். பித்தளை வெள்ளியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, லாரியில் சாமான் ஏற்றுகிறவர்களுக்குத் தேநீர் கலக்க எழுந்து போனார்.